டெல்மர் கிணற்றில் ஓடிய எஞ்சின்

லூமிர் வானெக்கை ஊரில் யாருக்கும் பிடிக்காது. அவருக்கும் யாரையும் பிடிக்காது, ஆக அந்த மட்டில் அநியாயம் ஒன்றும் இல்லை. நெப்ராஸ்காவில், கிப்பன் ஊர்த் தானியக் கிடங்கில் இருபத்தாறு வருஷமாகச் சோளம் சோதிக்கிற வேலை. லாரி வந்து நின்றதும் ஒரு கை அள்ளிப் பார்ப்பார். ஈரம் என்பார், உடைசல் என்பார், விலையில் கழிப்பார். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழைய கார் கண்காட்சிகளில் நடுவர். அங்கேயும் கழித்தல்தான். போல்ட்டின் தலையில் வேறு கம்பெனி முத்திரையா, ஒரு மார்க் போச்சு. ரேடியேட்டர் குழாயில் கடைத்தெரு க்ளாம்ப்பா, இரண்டு மார்க். "நல்லா ஓடுதே ஐயா" என்று யாராவது வாயைத் திறந்தால், "ஓடுதுங்கிறதுக்காக ஒரிஜினல் ஆயிடுமா?" என்று எரிந்து விழுவார்.

அவருடையது அறுபத்து மூன்றாம் வருஷத்துச் சிவப்புக் கார்வெட் கார். மேல்துணியை மடக்கிவிட்டு ஓட்டுகிற ரகம். பதினோரு வருஷமாக அதைப் பிரித்துப் பூட்டினார். கண்ணாடியின் மூலையில் இருக்கும் மாதக் குறிகூட கார் செய்த மாதத்துக்குப் பொருந்த வேண்டும் என்று அலைந்தார். ஒரு ரேடியேட்டர் மூடிக்காக ஓஹாயோ மாநிலம் வரை போய் வந்தார். "நம்ம கல்யாண நாள் மறந்துபோச்சு, அந்த மூடி எந்த மாசம் செஞ்சதுன்னு மட்டும் ஞாபகம் இருக்கு" என்பாள் மனைவி ஆர்டித்.

ஒன்றே ஒன்றுதான் குறை. அவர் வாங்கியபோதே காரில் எஞ்சின் இல்லை. எஞ்சினின் முன்பக்கம் இரண்டு விரல் அகலத்தில் ஒரு தட்டையான இடம் உண்டு. காரின் எண்ணைத் தொழிற்சாலையில் அங்கே அடித்திருப்பார்கள். அந்த எண் இல்லாமல் பழைய கார் சங்கத்தின் முதல் பரிசு ரிப்பன் கிடையாது. பாதி மாவட்டத்துக்கு அந்த ரிப்பனைக் கிடைக்கவிடாமல் செய்த மனிதர் அவர். தன் காருக்கே அது வராவிட்டால் நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

எண்பத்தொன்பதாம் வருஷம் மே மாதம் ஒரு கடிதம் வந்தது. காரின் முதல் சொந்தக்காரருடைய மகன் எழுதியிருந்தான். எஞ்சினை ஏலத்தில் டெல்மர் க்ரோகர் என்ற விவசாயி, கிணற்று பம்பு ஓட்ட வாங்கிப் போனாராம். பெயரைப் படித்ததும் லூமிர் கடிதத்தை மேசையில் எறிந்தார். ஏழு வருஷம் முன்னால் இந்த டெல்மர், செத்துப்போன தன் அப்பாவின் காரைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தான். லூமிர் டார்ச் அடித்துப் பார்த்து, குறைகளை ஊர் முன்னால் உரக்கப் படித்துப் படித்துக் கழித்தார். மூன்றாம் பரிசுகூட மிஞ்சவில்லை.

ஆனாலும் போனார். சோளக்கொல்லை ஓரத்தில் கிணற்று எஞ்சின் உடம்பெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டு கிடந்தது. கைக்குட்டையால் அந்தத் தட்டை இடத்தைத் துடைத்தார். அதே எண்! இன்னொரு தடவை துடைத்துப் பார்த்தார்.

"டெல்மர், இது என் காரோட எஞ்சின்."

"இல்லியே! பதினாறு வருஷமா இது என் கிணத்தோட எஞ்சின். இந்தக் கிணத்துக்கு இதான் ஒரிஜினல். மாத்தினா மார்க் போயிடுமே, நடுவர் ஐயா!"

"புது எஞ்சின் வாங்கித் தர்றேன்யா."

"புதுசா? என்னய்யா நீ, டூப்ளிகேட்டை மாட்டச் சொல்ற!"

லூமிர் அதையும் விழுங்கிக்கொண்டார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருவனிடம் கெஞ்சினார். டெல்மர் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"அறுப்பு முடியட்டும். வேற எஞ்சினைக் கொண்டாந்து வெச்சுட்டு இதை எடுத்துக்க."

அத்தோடு கிளம்பியிருக்கலாம். எங்கே! அந்த வாய் சும்மா இருக்குமா? தன் வண்டிக் கதவைத் திறந்தபடி திரும்பிச் சொன்னார்:

"அதுவரைக்கும் அதைக் கொஞ்சம் துடைச்சு வை. இவ்ளோ அழுக்கோட வெச்சிருக்கியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"துடைக்கணுமா?" என்றான் டெல்மர். "சரி, துடைச்சுடறேன்."

அக்டோபரில் ட்ரெய்லரோடு போனபோது எஞ்சின் களஞ்சிய வாசலில் பளபளவென்று நின்றது. லூமிர் முன்பக்கம் குனிந்து பார்த்தார். அந்தத் தட்டை இடம் கிரைண்டர் பட்டு முகம் பார்க்கிற மாதிரி மின்னியது. எண் இருந்த அடையாளமே இல்லை.

"அழிச்சுட்டியேடா, பாவி!"

டெல்மர் சட்டைப் பையிலிருந்து பழுத்துப்போன ஒரு தாளை எடுத்தான். அப்பாவின் காருக்கு லூமிர் போட்ட பழைய மதிப்பெண் தாள். "'எஞ்சினில் அழுக்கு. பத்து மார்க்.' உன் கையெழுத்துதானே? இப்ப ஒரு பொட்டு அழுக்கு இருக்கா, நல்லாப் பாரு."

வீட்டில் ஆர்டித் சொன்னாள்: "நீங்களே அந்த நம்பரை அடிச்சுடுங்களேன். நெஜமாவே அந்த எஞ்சின்தானே, அதுல என்ன பொய்?"

"அடிச்சா அது என் நம்பர். தொழிற்சாலை நம்பர் இல்ல." அப்படி அடித்த எத்தனையோ பேரைப் பிடித்துச் சங்கத்தை விட்டே விரட்டியவர் அவர். அன்று இரவு சாப்பிடவில்லை.

அந்த எஞ்சினையே காரில் பூட்டி, அடுத்த ஜூன் கண்காட்சிக்கு ஓட்டிப் போனார். அங்கே ஹார்லன் நடுவராக வந்தான். லூமிரிடம் பல வருஷம் ஏச்சு வாங்கியவன். டார்ச் அடித்துவிட்டு நிமிர்ந்தான்.

"நம்பர் எங்கே, லூமிர்?"

"அழிஞ்சுபோச்சு. ஆனா இதே எஞ்சின்தான். என் கண்ணால பார்த்தேன்."

"எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க."

கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் டெல்மர் கறி அடைத்த ரொட்டியைத் தின்றபடி நின்றான். லூமிர் கூட்டம் பார்க்கக் கத்தினார்: "டெல்மர்! நீயே சொல்லு. நம்பர் இருந்துச்சா, இல்லியா?"

டெல்மர் நிதானமாக மென்று விழுங்கினான். "நான் சோளம் போடறவன். எனக்கு என்ன தெரியும்? ஈரம்னு நீ சொன்னா ஈரம். நான் என்னிக்காவது எதிர்த்துப் பேசியிருக்கேனா?"

கூட்டத்தில் பாதிப் பேர் அந்தக் கிடங்கில் சோளம் போட்டு, அவர் கழித்தது போக மிஞ்சியதை வாங்கிப் போனவர்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

ஹார்லன் குரலைத் தாழ்த்தினான். "வேணும்னா இந்தத் தடவை நான் பார்க்காத மாதிரி..."

"எனக்கு நீ பிச்சை போட வேணாம்!" லூமிர் பேனாவைப் பிடுங்கினார். 'எஞ்சின்: ஒரிஜினல் அல்ல' என்று மதிப்பெண் தாளில் தன் கையாலேயே எழுதினார். மார்க்கைக் கழித்தார், கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு காரில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு சுத்தமான சத்தம்.

"நல்லா ஓடுதே, நடுவர் ஐயா!" என்று டெல்மர் கத்தினான்.

"ஓடுதுங்கிறதுக்காக..." என்று லூமிர் வாயைத் திறந்தார். பிறகு கியரைப் போட்டு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.