தராசு வீட்டுக்குக் கேமரா வந்த கதை

லாரிகளை எடை போடும் நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்ப்பவருக்குத் தராசு என்ற பேர் தொழிலால் வந்ததில்லை, குணத்தால் வந்தது. லாரி மேடைமேல் ஏறும். டிரைவர் இறங்குவார். திரையில் எண் ஆடி அடங்கி நிற்கும். தராசுக்கு மனசு நிற்காது.

"கொஞ்சம் பின்னால எடுத்துட்டு மறுபடி ஏத்துங்க."

"ஏன் சார், எடை தப்பா?"

"தப்பில்லை. தப்பில்லைன்னு தெரியணும்ல."

டிரைவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் எடுப்பார்கள். வீட்டிலும் இதே கூத்துதான். கூடத்துக்கு மின்விசிறி வாங்க மூன்று இறக்கையா நாலு இறக்கையா என்று யோசித்து யோசித்தே ஒரு கோடைக்காலத்தை ஓட்டியவர் அவர். அந்த வருஷம் பூராவும் வீடே விசிறிமட்டையோடு உட்கார்ந்திருந்தது.

அவர் மனைவி நேர் எதிர். மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலை. நரம்பைப் பார்த்ததும் குத்திவிட வேண்டும், யோசித்துக்கொண்டிருந்தால் வரிசை நகராது. காலை ஏழு மணிக்கே அவள் கிளம்பிவிடுவாள். எட்டு இருபதுக்குத் தராசு கேட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் வரை வீட்டில் ஆள் இருக்காது.

ஒருநாள் சாயங்காலம் தராசு வந்து சாவியைப் போட்டுத் திருப்பினார். பூட்டு திறக்கவில்லை. பூட்டு தொங்கிய கொண்டியே கேட்டிலிருந்து பிய்ந்து, பூட்டோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. தெருமுனை வெல்டரைக் கூட்டிவந்தார். வெல்டர் கொண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது தானா விட்டது இல்ல சார். யாரோ பிடிச்சு இழுத்திருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, ரொம்ப நாளா. நல்ல கைபலம் உள்ள ஆளு."

தராசு தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். ரொம்ப நாளாகவா? அப்படியானால் நோட்டம் பார்த்து வைத்திருக்கிறான்!

"உள்ள என்ன இருக்குன்னு இழுக்கறான்?" என்றாள் மனைவி. "பீரோ கதவே சரியா சாத்த மாட்டேங்குது. வந்தான்னா அதைச் சரி பண்ணிட்டுப் போகச் சொல்லணும்."

தராசு சிரிக்கவில்லை. கேமரா வைத்தே தீருவது என்று முடிவு செய்தார். வாழ்க்கையில் ஒரே நாளில் அவர் எடுத்த முதல் முடிவு அதுதான். கேட்டுக்கு மேலே ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று. இதுவரை தகராறு இல்லை. கேமரா பார்ப்பதையெல்லாம் எதில் சேர்த்து வைப்பது என்ற கேள்வி வந்ததும்தான் வீடு ரெண்டுபட்டது.

மனைவியின் தம்பிக்குக் கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் கேமரா மாட்டுவதே பிழைப்பு. மகளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அலுவலகம் தூரம் என்பதால் தோழிகளோடு தங்கியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை வருவாள். அந்த ஞாயிறு ரெண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள்.

"கூடத்துல கம்ப்யூட்டர் சும்மாதானே கிடக்கு?" என்றாள் மகள். "ஒரு கார்டும் பெரிய டிஸ்க்கும் போட்டா மூணு மாசத்துப் படம் நிக்கும். தேதி போட்டுத் தேடலாம். வேணுங்கறதை எடுத்துக்கலாம், வேணாததை அழிச்சுக்கலாம். தனியா ஒரு பெட்டி எதுக்கு மாமா?"

"கம்ப்யூட்டர்ல உங்கப்பா சீட்டு ஆடுவாரு, உங்கம்மா பாட்டு கேப்பா" என்றான் மச்சான். "நடுவுல வைரஸ் வரும். அப்டேட்டுன்னு அதுவா தூங்கும், அதுவா எழும். என் பெட்டிக்கு ஒரே வேலைதான், பதியறது. கரண்டு போயிட்டு வந்தாலும் அதுபாட்டுக்கு எழுந்து வேலையைப் பாக்கும். யாரும் போய்த் தட்டி எழுப்ப வேணாம்."

"அந்தப் பெட்டியில ஒண்ணைத் தேடணும்னா பத்து கதவைத் திறந்து உள்ள போகணும். மவுசை வச்சு ஒவ்வொரு எழுத்தா குத்தணும்."

"குத்தினா குத்திட்டுப் போறது. ஒருநாள் தேடறதுக்கு அது. மத்த முந்நூத்திச் சொச்ச நாளும் பதியணுமே, அதுக்கு யாரு ஜவாப்தாரி?"

ரெண்டு பேரும் தராசைப் பார்த்தார்கள். தராசு ஒரு நோட்டை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். இந்தப் பக்கம் கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் பெட்டி. ஒவ்வொரு குணத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டார். மூன்று நாள் ஆயிற்று. கடைசியில் கூட்டினால் இதுவும் எழுபத்தொன்று, அதுவும் எழுபத்தொன்று. கூட்டல் தப்போ என்று கீழிருந்து மேலாகவும் கூட்டினார். அப்போதும் எழுபத்தொன்றுதான்.

"ரெண்டையும் ஒவ்வொரு வாரம் வச்சுப் பாருங்க" என்றாள் மனைவி. "இந்த நோட்டை இன்னொரு தடவை படிச்சுக் காட்டினீங்கன்னா உங்களுக்கே ஊசி போட்டுருவேன்."

முதல் வாரம் கம்ப்யூட்டர். மகள் வந்து எல்லாவற்றையும் மாட்டி, ஓட விட்டுவிட்டுப் போனாள். அடுத்த ஞாயிறு திறந்து பார்த்தவள் தேதிகளை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தாள்.

"அப்பா, சாயங்காலம் ஆறரையிலேர்ந்து காலையில எட்டே கால் வரைக்கும்தான் இருக்கு. பகல் ஒண்ணுமே இல்ல. யாரு நிறுத்தினது?"

"நான்தான். ஆளில்லாத வீட்ல மெஷின் ஓடலாமா? பத்திக்கிச்சுன்னா?"

அவருக்கு அது முப்பது வருஷப் பழக்கம். இஸ்திரிப்பெட்டி, டி.வி., விசிறி என்று வரிசையாக அணைத்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார்.

"நல்லாயிருக்கு!" என்றான் மச்சான். "நாம உள்ள இருக்கறப்ப காவல் காக்குது. வெளிய போனா அதுவும் லீவு போட்டுருது."

மகள் ஒரு தாளில் 'அணைக்காதே' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கம்ப்யூட்டரில் ஒட்டினாள். இன்னும் ஒரு வாரம் தவணை கேட்டாள். தராசு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. போகிறபோது மெயினை இறக்கிவிட்டுப் போனார்.

"தாள் கம்ப்யூட்டர்லதானே ஒட்டியிருந்துச்சு?" என்றார் பிறகு. "மெயின்ல ஒட்டலையே."

ஓடிக்கொண்டிருக்கும்போதே தினம் ஒரு தடவை கழுத்தை நெரித்தால் எந்த இயந்திரம்தான் தாங்கும்? நாலாம் நாள் கம்ப்யூட்டர் நீலத் திரையில் என்னவோ புலம்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது. மகள் தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை. "கம்ப்யூட்டர் தோக்கலை, அப்பாதான் ஜெயிச்சுட்டார்" என்றாள்.

அடுத்தது பெட்டி. மச்சான் அதன் குணம் ஒன்றையும் விளக்கவில்லை. நேரே ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினான். பழைய படுக்கைகளுக்கும் உடைந்த நாற்காலிக்கும் பின்னால் பெட்டியை வைத்தான். பக்கத்திலேயே மின்சாரம் போனாலும் ஒருநாள் தாங்குகிற பேட்டரி ஒன்று. ஒயரைச் சுவரோடு சுவராக இறக்கிக் கூடத்து டி.வி.யில் செருகினான். ஏணியைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"இதோட முக்கியமான சிறப்பு என்னன்னா அக்கா, அத்தானுக்கு எட்டாது."

தராசு அந்த வாரம் பூராவும் பரணையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிவது தெரிந்தது. அணைக்க வழியில்லை. நாற்காலிமேல் முக்காலியை வைத்து ஏறிப் பார்த்ததாகவும், மனைவி திடீரென்று வந்துவிட்டதால் பல்பு மாற்ற ஏறினேன் என்று சொன்னதாகவும் ஒரு தகவல் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். மச்சான் கையில் மவுசு. மகள் சொன்னது சரிதான், தேதியைப் பிடிப்பதற்குள் ரெண்டு தடவை டீ ஆறிவிட்டது. ஒருவழியாகத் திங்கட்கிழமை காலை வந்தது. எட்டு மணிக்குப் பால்காரர் போனார். ஒரு பூனை போயிற்று. மவுசு நழுவிப் படம் கொஞ்சம் முன்னால் தாவியது. எட்டு இருபத்துமூன்றுக்கு ஓர் ஆள் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றான்.

கேமரா நேர் மேலே இருந்ததால் தலை உச்சிதான் தெரிந்தது. தேங்காய் மூடி அளவுக்கு ஒரு வழுக்கை. அந்த ஆள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தான். ரெண்டு கையாலும் பூட்டைப் பிடித்தான். ஒரு காலைக் கேட்டில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். ஒன்று, ரெண்டு, மூன்று.

"பிடிச்சாச்சு!" தராசு எழுந்தேவிட்டார். "பாரு, பட்டப்பகல்ல! நான் போய் நாலு நிமிஷம் ஆகல! அந்த வழுக்கையைப் பாத்தாலே தெரியுது, பழைய கேடி! மச்சான், மூஞ்சியைக் காட்டு!"

மகள் துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"என்னங்க" என்றாள் மனைவி நிதானமாக. "அந்தச் சட்டை நான் இஸ்திரி போட்டது."

தராசின் கை தன்னையறியாமல் உச்சந்தலைக்குப் போயிற்று. அங்கே இத்தனை பெரிய மைதானம் இருப்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

படம் ஓடிக்கொண்டே இருந்தது. இழுத்துவிட்டுத் தெருமுனை வரை போனவர், எட்டு இருபத்தாறுக்குத் திரும்பி வந்து மறுபடி இழுத்தார். எட்டு இருபத்தொன்பதுக்கு இன்னொரு தடவை. திங்கட்கிழமை மூன்று, செவ்வாய் நாலு, மழை பெய்த புதன்கிழமை குடையோடு ஐந்து. வியாழக்கிழமைப் படத்தில் மகள் வேறொன்றைக் கண்டுபிடித்தாள். திரையின் மேல் ஓரத்தில் எதிர்வீட்டு மாடி கொஞ்சம் தெரிந்தது. அங்கே குடியிருக்கும் டிராயிங் வாத்தியார் டம்ளரோடு நின்று, தராசு ஒவ்வொரு தடவை வரும்போதும் உள்பக்கம் திரும்பி ஒரு விரல், ரெண்டு விரல், மூன்று விரல் என்று காட்டிக்கொண்டிருந்தார்.

மச்சான் தரையில் உருண்டு சிரித்தான். தராசுக்கு மானம் போயிற்று.

"போதும். அதை அழிச்சிரு."

"அழிக்க முடியாது அத்தான்."

"முடியாதுன்னா?"

"இந்தப் பெட்டியில ஒரு துண்டை மட்டும் அழிக்க வழியில்ல. அழிச்சா மொத்தத்தையும் அழிக்கணும். இல்லேன்னா பதினஞ்சு நாள் பொறுங்க, பழசு மேல புதுசு ஏறி அதுவே போயிரும்."

"மொத்தத்தையும் அழி!"

"மொத்தமெல்லாம் கூடாது" என்றாள் மனைவி. "நிஜத் திருடன் யாராவது இருந்தா?"

"கம்ப்யூட்டரா இருந்தா ஒரு நொடி வேலைப்பா" என்றாள் மகள், கூரையைப் பார்த்துக்கொண்டு.

அந்தப் பதினைந்து நாளில் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் படம் பார்க்காமல் போகவில்லை. மனைவியோடு வேலை பார்க்கும் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். வெல்டர் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேனே சார், நல்ல கைபலம்னு" என்று பாராட்டினார். பெட்டியின் தெளிவைக் கடைக்காரர்களுக்குக் காட்ட ஒரு பிரதி வேண்டும் என்று மச்சான் கேட்டான். தராசு முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டான்.

எதிர்வீட்டுக்காரரை மட்டும் தராசு சும்மா விடவில்லை. நேரே மாடிக்குப் போய்க் கேட்டார்.

"இத்தனை வருஷமா பாக்கறீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

டிராயிங் வாத்தியார் சங்கடப்பட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நீங்க மூணாவது தடவை வந்துட்டுப் போனீங்கன்னாதான் நான் குளிக்கப் போவேன். எங்க வீட்டுக் கடிகாரத்தை விட நீங்க கரெக்ட்டு."

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். தராசு தட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"பூட்டினது ஞாபகம் இருக்கும். கை திருப்பினது, சாவியைப் பையில போட்டது, எல்லாம் இருக்கும். ஆனா முனைக்குப் போனதும், அது இன்னிக்குப் பூட்டினதா நேத்து பூட்டினதான்னு குழம்பிரும். அப்புறம் நடக்கவே முடியாது. காலு வராது."

அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு மகளிடம் ஒரு காரியம் சொன்னாள். இந்தப் பெட்டியில் அது நடக்காது என்று தம்பி ஏற்கெனவே கையை விரித்திருந்தான். மகள் பெட்டியின் பத்துக் கதவுகளையும் திறந்து, எழுத்தெழுத்தாகக் குத்தி, கேட்டுக் கேமரா செல்போனிலும் தெரிகிற மாதிரி செய்து முடிக்க ரெண்டு மணி நேரம் ஆயிற்று. "மாமா இதைச் செய்ய முடியாதுன்னு சொன்னார்ல? எழுதி வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். முதலில் தராசின் போனில்தான் போட்டார்கள். அது சரிப்படவில்லை. எடை நிலையத்தில் அவர் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் பூட்டைப் பார்க்க, வெளியே லாரிகள் ரோடு வரை நின்றன. பொறுக்க முடியாமல் டிரைவர்களே, "சார், பூட்டு இருக்குல்ல? எங்களைக் கொஞ்சம் பாருங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மூன்றாம் நாள் மனைவி அதை அவர் போனிலிருந்து எடுத்துவிட்டுத் தன் போனில் போட்டுக்கொண்டாள்.

இப்போது எட்டு இருபத்தைந்துக்கு, ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில், அவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனைப் பார்க்கிறாள். தராசு தெருமுனையில் நிற்கிறார். 'பூட்டியிருக்கு' என்று ஒரு செய்தி வருகிறது. அவர் பஸ் ஏறுகிறார். வரிசை நீளமாக இருக்கிற நாட்களில் செய்தி வரத் தாமதமாகும். அன்றைக்கு ரெண்டு பஸ் போனாலும் போகட்டும் என்று அங்கேயே நிற்பார். போன வாரம் ஒருநாள் ஒன்பது மணி வரைக்கும் நின்றாராம். கடைசியில் வந்தது: 'பூட்டியிருக்கு. ஒரு குழந்தை நரம்பே காட்ட மாட்டேன்னுச்சு. நீங்க போங்க.'