பாலத்துக்கு அப்பால் உள்ள பாதை

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு வாழைத்தோட்டம் உண்டு. வாய்க்கால் பாலம் வரைக்கும் பஞ்சாயத்து போட்ட தார் ரோடு. அதைத் தாண்டினால் மண்பாதை. அது மதினியின் வயல் வழியாகத்தான் எங்கள் தோட்டத்துக்குப் போகிறது. ஊர் முறையில்தான் மதினி. அவள் வீட்டுக்காரர் திருப்பூரில் வேலை பார்ப்பதால் பயிர் பார்ப்பதெல்லாம் அவள்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ஐப்பசியில் காய் வெட்டினோம். லோடு ஏற்றிய லாரி மதினியின் வயலோரம் புதைந்துவிட்டது. டிரைவர் முன்னும் பின்னும் எடுத்து ஒருவழியாக மேலே ஏற்றினார். அதற்குள் வரப்பு உடைந்து, புதிதாக நட்ட வயலின் தண்ணீரெல்லாம் பாதையில் ஓடியது. நானும் ஆட்களும் மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தோம். அன்றைக்குப் பெய்த மழையில் அது நிற்கவில்லை.

மறுநாள் பாதைக்குக் குறுக்கே முள் வெட்டிப் போட்டிருந்தது. வெட்டிய காயில் பாதி இன்னும் தோட்டத்தில் கிடந்தது. எனக்குக் கோபம். மதினியிடம் போகாமல் நேரே பஞ்சாயத்துத் தலைவரிடம் போனேன்.

“பாலம் வரைக்கும்தான் நம்ம ரோடு வே. அதுக்கு அங்கன அவுக பட்டா. அதுல ஒரு கூடை மண்ணு கொட்டவும் எனக்கு அதிகாரம் கிடையாது, முள்ளை எடுக்கவும் கிடையாது. போய் அவுககிட்ட பேசும்” என்றார்.

மதினி வயலில் குனிந்து, சாய்ந்த நாற்றை நிமிர்த்தி ஊன்றிக்கொண்டிருந்தாள்.

“மதினி, காய் வெட்டி அங்கன கிடக்கு.”

“வழியை மறிக்கணும்னு எனக்கு ஆசையா தம்பி? லாரி போகுது, வரப்பு உடையுது. ஒவ்வொரு மழைக்கும் நான் ஒருத்தியே கட்டிக்கிட்டு கிடக்கேன். இதை யாரு பாக்கணும்? நீங்களே சொல்லுங்க.”

அந்தப் பாதையில் போய் வருகிற தோட்டக்காரர்கள் நாங்கள் நாலு பேர். ஒருவரும் அதில் ஒரு சட்டி மண் போட்டதில்லை. அவள் நிலம், அவள் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிட்டோம்.

“நாங்கதான் பாக்கணும் மதினி” என்றேன்.

“நானும் இதுலதான நெல்லு கொண்டு போறேன். என்னையும் சேத்துக்கோங்க. ஆனா வயல் தண்ணி போக அடியில ஒரு குழாய் பதிக்கணும்” என்றாள். அப்போதே வந்து முள்ளை இழுத்து ஓரமாகப் போட்டாள்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் சேர்ந்து டிராக்டரில் சரள் மண் அடித்தோம். மதினி காட்டிய இடத்தில் சிமெண்ட் குழாய் பதித்தோம். சரள் வயல் பக்கம் சரிந்துவிடாமல் அவளும் மண்வெட்டியோடு நின்றாள். மதியம் அவள் வீட்டிலிருந்து எல்லோருக்கும் சொதியும் இஞ்சித் துவையலும் வந்தன. வரப்பில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இப்போது அடைமழைக்கு முன்னால் எல்லோருமாகக் கூடிப் பாதையைச் சரிசெய்துவிடுகிறோம். போன மாசம் தலைவர் வந்து, அந்தத் துண்டைப் பஞ்சாயத்துக்கு எழுதிக்கொடுத்தால் தார் போட்டுப் பராமரிக்கலாம் என்றார்.

“யோசிக்கணும் அண்ணாச்சி” என்றாள் மதினி. “இப்பம் ஒரு பள்ளம் விழுந்தா, போன் போட்ட அன்னைக்கே இவுக வந்துருதாக.”

தார் ரோடு வந்தால் எனக்கு நல்லதுதான். ஆனாலும் அவள் அப்படிச் சொன்னதில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். மதினி இன்னும் முடிவு சொல்லவில்லை. யாரும் அவசரப்படுத்தவும் இல்லை.