நாலாவது கேசட்

அருப்புக்கோட்டையில் தறி ஓடும் வீடுகளில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. பாலமணிகண்டனின் அப்பா சென்னகேசவன் விசைத்தறிக் கூடத்திலேயே வேலை பார்த்து வயதானவர். பக்கத்தில் நின்று கத்தினால்தான் திரும்பிப் பார்ப்பார். அதை ஒரு நோயாக வீட்டில் யாரும் நினைத்ததில்லை.

பாலமணிகண்டனுக்குச் சின்ன வயதிலிருந்தே தறிச் சத்தத்துக்குள் வேறு சத்தங்கள் கேட்டன. ஊடுநூலை இழுத்தோடும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுவதற்குக் கீழே மோட்டாரின் முனகல், அதற்கும் கீழே தரையின் அதிர்வு. பாளையம்பட்டியில் செல்போன் கடை வைத்து, கல்யாணமும் முடிந்த பிறகு, இந்தச் சத்தங்களைப் பதிவு செய்து கேசட்டாக வெளியிடப் போவதாகச் சொன்னான். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. யார் வாங்குவார்கள் என்று மனைவி தேவிபிரியா கேட்டாள். இப்படிப்பட்டதைத் தேடிக் கேட்கிறவர்கள் சென்னையிலும் ஜெர்மனியிலும் இருக்கிறார்கள் என்றான்.

கூட்டாளி பாண்டீஸ்வரன் திருச்சுழிப் பக்கத்துச் விவசாயச் சம்சாரி வீட்டுப் பிள்ளை, விசேஷ வீடுகளுக்கு மைக், ரேடியோ செட் போடுகிறவன். கம்பெனிக்கு ‘அரவம்’ என்று பேர் வைத்தது அவன்தான். சத்தம் என்ற அர்த்தத்தில் சொன்னான். பாம்புக்கும் அதுதான் பேர் என்று தேவிபிரியா சொன்னபோது இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முதல் கேசட் தறிக் கூடத்தில் எடுத்தது. எல்லாத் தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்டு போய், கூடமே மூச்சடங்குவதோடு முடியும். பாண்டீஸ்வரனின் பழைய கேசட் டெக்கில் பிரதி எடுத்த அத்தனையும் விற்றுப்போயின.

இரண்டாவது கேசட்டுக்கு, பாண்டீஸ்வரன் வீட்டு விவசாயக் காட்டில் தண்ணீர் வராமல் விட்ட ஆழ்துளைக் குழிக்குள் மைக்கை இறக்கினார்கள். அவன் அப்பா மாரிச்சாமிக்கு அது பிடிக்கவில்லை. மூடி வைத்த குழியை எதற்குத் திறக்கிறீர்கள் என்று முணுமுணுத்துவிட்டு, வேலிக்கருவை நிழலில் போய் உட்கார்ந்தார். உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல மிக லேசான காற்று. அதைப் பிடிக்க ஹெட்போனில் சத்தத்தைக் கடைசிவரை ஏற்றிக் கண்ணை மூடியிருந்தான் பாலமணிகண்டன். அந்த நேரம் தூரத்துக் கல்குவாரியில் வெடி வைத்தார்கள். சுற்றி நின்றவர்களுக்கு அது சின்னச் சத்தம். அவன் மட்டும் தரையில் சாய்ந்தான்.

எழுந்ததும் சிரித்தான். அருமையாகப் பதிந்திருக்கிறது என்றான். இடது காதில் அன்றைக்குத் தொடங்கிய ரீங்காரம் நிற்கவே இல்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவதைத் தயார் செய்தபோது, கூர்மை போதவில்லை என்று சத்தத்தை மேலும் மேலும் ஏற்றினான். காதுக்குள் ஊசி இறங்குகிறது, இவ்வளவு துணிச்சலாக யாரும் செய்ததில்லை என்று இணையத்தில் எழுதினார்கள். ஆர்டர்கள் குவிந்தன. வீட்டில் அவன் ஸ்பீக்கரைப் போட்டால், மகள் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். பிடிவாதக்காரி என்று திட்டினான். தேவிபிரியா கூப்பிட்டால் பாதி நேரம் திரும்புவதில்லை. திரும்பினாலும் வேறு எதற்கோ பதில் சொன்னான். அவன் தன் உதட்டையே பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டதை அவள் கவனித்தாள். மாமனாரும் அப்படித்தான் பார்ப்பார்.

நாலாவது கேசட், வறண்ட கண்மாய்க்குள் எடுத்த காற்று. பிரதி எடுக்கும் முன் பாண்டீஸ்வரன் வந்து கேட்டான். கொஞ்ச நேரத்திலேயே ஹெட்போனைக் கழற்றினான்.

“ஏலே, இந்த விசில் சத்தம் வேணும்னே வச்சதா?”

“எது?”

“மொதல்லேருந்து ஓடுதுல்ல. ஒயர் கோளாறு மாதிரி, கீச்சுன்னு.”

பாலமணிகண்டன் ஹெட்போனை வாங்கி மாட்டினான். காற்று மட்டும்தான் கேட்டது. இடதையும் வலதையும் மாற்றி மாட்டிப் பார்த்தான். நண்பன் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

“வேணும்னேதான் வச்சேன்” என்றான்.

பாண்டீஸ்வரன் நேராகத் தேவிபிரியாவிடம் போய்ச் சொன்னான். அவள் கணவனை மதுரைக்குக் கூட்டிப்போனாள். இடது காது போனது போனதுதான், வலதும் அதே வழியில் போகிறது என்றார் டாக்டர். தறிக் கூடத்தையும் ஹெட்போனையும் விட்டால் மிச்சமாவது நிற்குமாம். பஸ் ஏறித் திரும்பினார்கள். அருப்புக்கோட்டையில் இறங்கியதும், அந்த விசில் எப்படி இருந்ததாகப் பாண்டீஸ்வரன் சொன்னான் என்று அவளிடம் கேட்டான்.

“இத்தோட நிப்பாட்டுவோம் மணி” என்று பாண்டீஸ்வரன் சொல்லிப் பார்த்தான். “ஒனக்கு ஒரு காது மிச்சம் இருக்கு.”

“அதுவும் போறதுக்குள்ள எடுக்க வேண்டியது நெறைய இருக்கு.”

பாண்டீஸ்வரன் தன் டெக்கைத் தூக்கிக்கொண்டு திருச்சுழி பஸ் ஏறினான். பிறகு வரவில்லை. பாலமணிகண்டன் வேறு டெக் வாங்கி, நாலாவதை விசிலோடு அப்படியே வெளியிட்டான். நாலிலும் அதிகம் விற்றது அதுதான். அந்த விசிலைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதைவிட மேலே போக முடியுமா என்று ஜெர்மனியிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார்.

ஐந்தாவதைத் தொடங்கியபோது தேவிபிரியாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஹெட்போனை அவள் தலையில் மாட்டினான். அவள் முகத்தைப் பார்த்தபடியே குமிழைத் திருகினான். அவள் கண் சுருங்கிய இடத்தில் நிறுத்திக் குறித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் திருகினான். அவளுக்குப் பல் கூசியது. கழற்றிவிடக் கை எழுந்தது. ஆனால் அது தன் தலையில் இருக்கிறவரை அவன் தலையில் ஏறாது என்று நினைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.