உளுந்துச் செடியும் ஒரு பிரேக்கும்

எண்பதுகளின் கடைசியில், ஒரு மாசி மாதச் சாயங்காலம், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என் அம்பாசிடரை ஓட்டிக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்தில் பிடுங்கிய உளுந்துச் செடியைத் தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் மேலே ஏறி இலவசமாக உதிர்த்துக் கொடுக்கும்.

அன்று திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வழுக்கும் சாலையில் பிரேக்கை அழுத்தாதே, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடு, வண்டி இழுக்கும் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பு என்று அலுவலக டிரைவர்களுக்குப் பாடம் எடுத்தவன் நான். நடுச்சாலையில் குனிந்து செடியை வாரிக்கொண்டிருந்த பெண்ணைக் கண்டதும் பிரேக்கைத்தான் மிதித்தேன், இருக்கிற பலத்தையெல்லாம் சேர்த்து.

நனைந்த செடிமேல் கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, அவள் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. கதவைத் திறந்து இறங்கினேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, ஒரு முழத்துல உசுரு தப்பிச்சிருக்கு. ரோட்டுல இப்படி..." என்று ஆரம்பித்தேன்.

"பொறவு பேசுவோம் சார். அம்புட்டும் நனைஞ்சு போச்சு. அந்தா பஸ் வருது பாருங்க, செத்த நேரம் நிப்பாட்டுங்க."

ஓடிப்போய் இரண்டு கைகளையும் விரித்துச் சாலையின் நடுவில் நின்றேன். பஸ் நின்றது. கண்டக்டர் தலையை நீட்டினார்.

"ஏன்யா, படிச்ச ஆளு மாதிரி இருக்கீரு, ரோட்டுலயா உளுந்து காயப்போடுவீரு?"

அவள் கடைசிக் கட்டுச் செடியை வாரிக்கொண்டு ஓரத்துக்குப் போன பிறகும், விரித்த கைகளை மடக்க எனக்குச் சற்று நேரமாயிற்று.