காலி இலைக்குக் கீழே ‘சோறு இருக்கு’

அமுதவள்ளியும் அவள் அய்யா மலையாண்டியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, வாழையிலை நறுக்கியது. அவர் நறுக்கினார், அவள் துடைத்து அடுக்கினாள்.

“ஞாயித்துக்கெழம கூட்டம் அள்ளும்த்தா. இன்னும் ஒரு கட்டு வாங்கணும்” என்றார்.

மறுநாள் விடியலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அந்தக் கூட்டம் சும்மா வந்ததல்ல. சாயல்குடிக்குப் பக்கத்தில், பழைய ரோட்டோரம் அவருடைய சாப்பாட்டுக் கடை. புது ரோடு போட்ட பிறகு வண்டிகள் அந்தப் பக்கமே பறந்தன. கடையை மூடிவிட்டுக் காட்டு வேலைக்கே திரும்பிவிடலாமா என்று அவரும் மனைவி மீனம்மாளும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், சென்னையில் நெட்வொர்க் வேலை பார்த்த மகள் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஊருக்கு வந்தாள்.

“சாப்பிட வாரவுகளையே போட்டோ எடுத்து நெட்டுல போடச் சொல்லுங்கய்யா. அவுக கூட்டாளிக பாத்துட்டு வருவாக.”

மலையாண்டிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மேசை மேசையாகப் போனார். “எடுங்க, போடுங்க, நம்ம கடைப் பேரச் சொல்லுங்க!” ஆனால் ஒரு நிபந்தனை. சாப்பிடுமுன் எடுக்கக் கூடாது.

“சோத்துல கண்ணு பட்ரும். தின்னு முடிச்சிட்டு எடுங்க.”

“காலி இலையப் பாத்து யாருய்யா வருவா?” என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“வழிச்சுத் தின்ன இலைத்தா. அதுக்கு மேல என்ன சாட்சி?”

ஏர்வாடி தர்காவுக்கு வேனில் ஆள் கூட்டிப் போகும் தவ்ஃபீக்தான் முதல் படத்தைப் போட்டார். ஓரத்தில் நாலு மீன்முள். நகரை மீன் குழம்பு இருந்த இடத்தில் எண்ணெய் மினுமினுப்பு. வேறு ஒன்றுமில்லை.

மறுநாள் மத்தியானம் அவரே போனில் கத்தினார். “மாமு, ஒங்க கடைக்கு வந்த ரெண்டு வண்டி பாதியில திரும்பிருச்சு! காலி இலையப் பாத்துட்டு சாப்பாடு தீந்துபோச்சுன்னு நெனச்சுட்டாக!”

மீனம்மாள் கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். “நல்லா யாவாரம் பண்ணுனீரு போம்!”

அமுதவள்ளி சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. பிறகு அதே படத்துக்குக் கீழே இரண்டே வார்த்தை எழுதிப் போட்டாள்: சோறு இருக்கு.

பற்றிக்கொண்டது. யார் இலை சுத்தம் என்று போட்டி வைத்துப் படம் போட்டார்கள். ராமேஸ்வரம் போகிற கார்கள் வழி விசாரித்து வந்தன. மீனம்மாள் இரண்டாவது உலை வைத்தாள். அமுதவள்ளியின் போன் ஓயாமல் துடித்தது. அலுவலகத்தில் எந்தத் திரையைப் பார்த்தும் அவள் இப்படிக் கத்தியதில்லை.

“அய்யா, இன்னும் ஒண்ணு! மதுரைக்காரவுக!”

“ஏலே, முள்ள ஓரமா ஒதுக்கிட்டு எடு! இலை தெரியட்டும்!” என்று மலையாண்டி மேசைகளுக்கு நடுவே ஓடினார்.

ஒரே குறை, பாதி வண்டிகள் திருப்பத்தைத் தவறவிட்டு நேரே போய்விட்டன. ராமநாதபுரத்தில் ஃபிளெக்ஸ் போர்டுக்குச் சொல்லி வைத்தார். காலி இலைப் படம், கீழே அந்த இரண்டு வார்த்தை, ஒரு அம்புக்குறி. “வாங்கியாந்து திருப்பத்துல நானே கட்டுறேன்” என்று கட்டுக்கம்பியும் வாங்கி வைத்தார்.

மலையாண்டியின் காரியம் முடிந்தும் கடை பூட்டியே கிடந்தது. திறப்பதா, விட்டுவிடுவதா என்று தாயும் மகளும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்து வந்த ஞாயிறு காலை அவருடைய போன் அடித்தது.

“அண்ணே, மதுரையிலருந்து ரெண்டு வேன்ல வாரோம். சோறு இருக்கா?”

அமுதவள்ளி அம்மாவைப் பார்த்தாள். மீனம்மாள் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

“இருக்கு. வாங்க.”

“திருப்பம் எங்கன வரும்? போன தடவ தவறிப் போயிட்டோம்.”

“போர்டு இருக்கும்” என்று சொல்லிவிட்டாள்.

போர்டு இன்னும் ராமநாதபுரத்தில் இருந்தது. கட்டுக்கம்பி அவர் வைத்த இடத்தில், அரிவாளுக்குப் பக்கத்தில். அதை எடுத்துக்கொண்டு அய்யாவின் வண்டியைக் கிளப்பினாள்.