தக்கை உருண்டை

என் மேசை இழுப்பறையை இழுத்தால் அந்தப் பித்தளை விசில் உருண்டு முன்னால் வந்து நிற்கும். உள்ளே கிடக்கும் தக்கை உருண்டை விசிலோடு வந்ததல்ல. பழையது உளுத்துப்போனபோது, கொயினா மருந்துப் புட்டியின் தக்கையைப் பிளேடால் சீவி, கம்பவுண்டர் தம் கையாலேயே உருட்டிப் போட்டது. அதனால் சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும். இருந்தது என்பதே சரி. அதை யாரும் ஊதிப் பல காலம் ஆகிறது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் கொல்லிமலை அரியூர் நாட்டில் நான் பள்ளிக்கூட வாத்தியார். அவர் மருந்துச்சாலைக் கம்பவுண்டர். இருவரும் கீழ்நாட்டுக்காரர்கள். அடிவாரத்து முள்ளுக்குறிச்சியிலிருந்து கால் கடுக்க ஏறி வந்து, சொந்த ஊர்ச் சோற்றை நினைத்து ஏங்கியபடி காலம் தள்ளியவர்கள். மலைக்காய்ச்சல் அப்போது வருஷம் தவறாமல் ஆளைக் கொண்டுபோகும். கம்பவுண்டரிடம் கொயினா மருந்து புட்டி புட்டியாக இருந்தது, குடிக்கத்தான் ஆளில்லை. கசப்பு ஒரு காரணம். எங்கிருந்தோ வந்தவன் ஊற்றிக் கொடுப்பதை எப்படி நம்பிக் குடிப்பது என்பது அதைவிடப் பெரிய காரணம். பள்ளிப் பிள்ளைகளுக்கென்று நான் ஒரு கால்பந்து கொண்டுவந்தபோது, தாமே நடுவராக நின்று ஊதுவதாகச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: மருந்தைக் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டுகிறவனுக்குத்தான் ஆட்டம்.

அந்த நிபந்தனை பலித்தது. அறுவடை முடிந்த நெல்வயலில், ஆட்டத்துக்கு முன்னால் பையன்கள் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு வரிசையாக நாக்கை நீட்டுவார்கள். பிள்ளை குடித்துச் சாகவில்லை என்று கண்டதும் தாய்மாரும் கை நீட்டத் தொடங்கினார்கள். ஜெயித்த ஊர் நடுவருக்கு ஒரு வாழைத்தார் தருவது என்ற வழக்கத்தை மலைக்காரர்களே ஏற்படுத்தினார்கள். தாரைவிட அந்த நாக்குகள்தாம் அவருக்குச் சந்தோஷம். ஊர்க்கவுண்டர் மகன்தான் எங்கள் கோல்காவல். கவுண்டர் தலையசைத்தால் ஊரே மருந்துக்கு வரும், முகத்தைத் திருப்பினால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். இது எங்கள் இருவருக்குமே நன்றாகத் தெரியும்.

ஒரு தடவை முள்ளுக்குறிச்சிப் பையன்கள் மலையேறி விளையாட வந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாய். யாரும் கோல் போடவில்லை. அப்போது மேட்டுக்காட்டுப் பரணில் கேழ்வரகுக்குக் காவல் இருந்தவர் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாகச் சீழ்க்கை அடித்தார். பன்றி இறங்குகிறது என்று அர்த்தம். அதைக் கேட்டால் மலைப்பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்று மேட்டைப் பார்ப்பார்கள். பன்றி எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார்கள். அன்றும் எங்கள் பையன்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். கீழ்நாட்டுப் பையனுக்கு அந்தப் பழக்கம் ஏது? ஓடிவந்து உதைத்தான். மேட்டைப் பார்த்து நின்ற கவுண்டர் மகனின் இடுப்போரமாகப் பந்து உள்ளே போனது.

கவுண்டர் வயலுக்குள் இறங்கிவிட்டார். "ஏனுங்க கம்பவுண்டரே, ஊதுனதுக்கப்புறம் ஒதைக்கறது என்னங்க நாயம்?"

"நான் ஊதலீங்க. அது பரண்ல அடிச்ச சீழ்க்கைங்க."

"ஊதுனேன்னு ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க. ஆரு கேக்கப் போறா?"

நானும் அவர் காதோரம் அதையேதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். "ஊதாதத ஊதுனேன்னு இன்னிக்குச் சொன்னா, நாளைக்கு இது மருந்துதான்னு நான் சொல்றத எவன் வாத்தியாரே நம்புவான்?" என்றார். கவுண்டர் பக்கம் திரும்பி, "கோலுதானுங்க" என்றார்.

அன்று அவருக்கு வாழைத்தார் இல்லை. ஜெயித்தவர்கள் மலையிறங்கும் அவசரத்தில் இருந்தார்கள். மறுநாளிலிருந்து மருந்துச்சாலைப் பக்கம் அந்த ஊரிலிருந்து ஒரு ஆள் வரவில்லை. அவர் புட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போனார். படல்கள் சாத்தியே இருந்தன. மழை பிடித்துக்கொண்டது. காய்ச்சலும் வந்தது. கவுண்டர் மகன் போய்விட்டான்.

காரியம் முடிந்த பிறகு ஒரு காலையில் கவுண்டர் தோளில் வாழைத்தாரோடு வந்து, அதை மருந்துச்சாலை வாசலில் இறக்கினார். நான் உள்ளே இருந்தேன்.

"இது அன்னிக்கு நாங்க குடுத்திருக்கோணுமுங்க. ஊதுனது பரண்காரருதான், கம்பவுண்டரு பொய் சொல்லலீங்கப்பான்னு எம் பையன் அன்னிக்கே சொன்னானுங்க. காய்ச்சல்ல கெடக்கறப்பவும் அதயேதான் சொன்னான். மருந்து வாங்கியாப்பான்னு கேட்டான். நாந்தானுங்க வுடலை."

கம்பவுண்டர் வாசலுக்கு இறங்கி வந்தார். கவுண்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தத் தாரை நாங்கள் யாரும் தொடவில்லை. அது வாசலிலேயே பழுத்து உதிர்ந்தது.

அதன்பின் ஊர் முழுவதும் மருந்துக்கு வந்தது. அடுத்த அறுவடையில் கவுண்டரே வந்து அவரை ஊதக் கூப்பிட்டார். ஆட்டத்தின் நடுவில் பரணிலிருந்து மறுபடியும் சீழ்க்கை. இந்த முறை ஒரு பையனும் மேட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். தாம் ஊதவில்லை என்று அவர் தலையசைத்தார், ஆட்டம் தொடர்ந்தது. ஒரு நடுவருக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது என்பார்கள். அவர் கண் மட்டும் கோல்காவல் நின்ற புதுப்பையனிடமே நின்றது. மாற்றலாகிப் போன அன்று விசிலை என் கையில் வைத்து, "நீங்க ஊதுங்க வாத்தியாரே, எனக்கு மூச்சு பத்தலீங்க" என்றார். அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்ற கோபம் அவர்மேல் எனக்கு இன்னும் தீரவில்லை. சொல்லியிருந்தால் அந்த முகங்கள் அவர் பக்கம் திரும்பியிருக்குமா என்றும் கூடவே கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் பஸ்ஸில் சோளக்காடு போயிருந்தேன். ரோட்டோரத் திடலில் பையன்கள் பந்தாடினார்கள். யாரும் நாக்கை நீட்டவில்லை. காய்ச்சல் என்றால் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு, அவ்வளவுதான். கோலில் நின்ற பையன் சும்மா ஒரு தரம் மேட்டைப் பார்த்தான். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் திறந்து விசிலை வாயில் வைத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கசந்தது. ஊதாமலே உள்ளே வைத்துவிட்டேன்.