குப்பைமேட்டில் ஒட்டிய அம்பு

கொரோனா ஓய்ந்து பள்ளிக்கூடங்கள் பழையபடி நடக்க ஆரம்பித்த அடுத்த வருஷம் நடந்தது இது. திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற வழியில், இரண்டு பக்கமும் பனியன் கம்பெனிகள் நிற்கிற ஒரு உள்ரோட்டுப் பள்ளியில் நான் தற்காலிகத் தமிழாசிரியையாக இருந்தேன். வருஷா வருஷம் தலைமையாசிரியர் மனசு வைத்தால்தான் அந்த வேலை நீடிக்கும். அதாவது, வாயை மூடிக்கொண்டிருந்தால் நீடிக்கும். எனக்கு அந்தப் பழக்கம் சின்ன வயதிலிருந்தே கிடையாது.

என் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் உவமைக்கு இலக்கணம் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் செய்தித்தாளைக் கையில் கொடுத்தால் எழுதியிருப்பதை அப்படியே விழுங்கிவிடுவார்கள். மார்க் வாங்க அது போதும், உலகத்தில் பிழைக்கப் போதாது. அதனால் பாடம் முடிந்து கொஞ்சம் நேரம் மிஞ்சினால் பேப்பரை விரித்து வைத்துப் படிக்க ஆரம்பித்தோம்.

ஒருநாள் வந்த செய்தியின் தலைப்பில், வடமாநிலத் தொழிலாளர்கள் திருப்பூருக்குப் 'படையெடுப்பு' என்று போட்டிருந்தது. வகுப்பிலேயே நன்றாகத் தமிழ் வாசிக்கிற பெண் ஒருத்தி எழுந்தாள். அவள் அப்பா பீகார்க்காரர், ஒரு கம்பெனியில் அயர்னிங் வேலை. அம்மா செக்கிங். வீட்டில் இந்தி பேசுவாள், வாசலைத் தாண்டினால் அசல் திருப்பூர்த் தமிழ்.

"எங்கப்பா ஜெனரல் பெட்டியில, பாத்ரூம் பக்கத்துல நின்னுட்டே வந்தாருங்க மிஸ். படையெடுத்து வர்றவங்க அப்படியாங்க வருவாங்க?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கிய பிறகு எனக்குச் சுருக்கென்றது. 'வந்தார்கள்' என்று எழுதியிருந்தால் அவர் ஒரு அப்பா. 'படையெடுத்தார்கள்' என்று எழுதியதும் எதிரி ஆகிவிட்டார். அன்றைக்குத்தான் பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு உவமையையோ உருவகத்தையோ பார்த்தால் அழகாக இருக்கிறதா என்று அப்புறம் பாருங்கள், முதலில் இதில் நாம் யார் என்று கேளுங்கள் என்று. அந்தக் கேள்வி அவர்களுக்குப் பிடித்துப்போய்விட்டது. பாடப்புத்தகம், விளம்பரம், சுவரில் ஒட்டிய நோட்டீஸ் எதையும் விட்டுவைக்கவில்லை.

எங்கள் ஊரில் செக்கிங் என்றால் தெரியாதவர்கள் இல்லை. தைத்து முடித்த பனியனை மேஜையில் விரித்துப் போட்டு ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்ப்பார்கள். கோளாறு இருக்கிற இடத்தில் அம்புக்குறி போட்ட சின்னச் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிடுவார்கள். பாதிப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அதுதான் வேலை என்பதால் ஜாமெண்ட்ரி பாக்ஸைத் திறந்தால் அந்த அம்புகள் கிடக்கும். அதையே வகுப்புக்கு எடுத்துக்கொண்டோம். படிக்கும்போது எந்தச் சொல் உறுத்துகிறதோ அதன்மேல் அம்பை ஒட்ட வேண்டும். ஏன் ஒட்டினாய் என்று கேட்டால் காரணம் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வருஷம் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தது. பக்கத்துக் கம்பெனி முதலாளி ஒருவர் கட்டிக் கொடுத்தார். திறப்பு விழாவில் ஒரு மாணவி வரவேற்பு மடல் வாசிக்க வேண்டும். மடலைத் தலைமையாசிரியரே எழுதினார். அவருக்குத் தன் தமிழ்மேல் கொள்ளைப் பெருமை. வாசிக்க நான் அந்தப் 'படையெடுப்பு'க் கேள்வி கேட்ட பெண்ணைத்தான் தேர்ந்தெடுத்தேன்.

'வாடிய பயிருக்கு வந்த மழையே' என்று தொடங்கியது மடல். அதை அழகாக வாசித்தாள். நாலு வரி தள்ளி, 'குப்பைமேட்டில் கிடந்த எங்களைக் கோபுரத்தில் ஏற்றி வைத்த வள்ளலே' என்று இருந்தது. அங்கே நின்றுவிட்டாள்.

"மிஸ், இதுல நாம யாருங்க?"

 பதில் அவளுக்கே தெரியும், தெரிந்துதான் கேட்டாள்.

"மழைன்னா சொல்லலாமுங்க மிஸ். நாம பயிருன்னா பரவால்லீங்க. இதை நான் சொல்ல மாட்டனுங்க. எங்கம்மா பெர்மிஷன் போட்டுட்டு வந்து முன்னாடியே உக்காந்திருப்பாங்க."

பாக்ஸைத் திறந்து 'குப்பைமேடு' மேல் ஒரு அம்பு ஒட்டினாள். கடைசியில் 'உங்கள் காலடி மண்ணாக இருந்து நன்றி சொல்வோம்' என்ற வரியிலும் ஒன்று ஒட்டினாள். அந்த அம்மா வேலை பார்த்தது அதே முதலாளியின் கம்பெனியில்தான். தான் நாளெல்லாம் நின்று செக் செய்கிற பனியனில் வந்த லாபத்திலிருந்து எழும்பிய கட்டடத்துக்கு முன்னால், தன் மகள் தன்னைக் குப்பை என்று சொல்வதை அவர் உட்கார்ந்து கேட்க வேண்டும். 

இரண்டு வரியையும் எடுத்துவிட்டு நேராக நன்றி சொல்கிற மாதிரி மாற்றலாம் என்று தலைமையாசிரியரிடம் போனேன். அம்பு ஒட்டிய தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏனுங்க டீச்சர், இதென்ன பேப்பருல சிரங்கு வந்த மாதிரி?"

விஷயத்தைச் சொன்னேன். "அது வெளியூருப் புள்ளைங்க. உவமைன்னா என்னன்னு அதுக்கு என்ன தெரியும்? அழகுக்கு எழுதறதுங்க" என்றார்.

அவரையும் குறை மட்டும் சொல்லக் கூடாது. மழைக்கு ஒழுகுகிற வகுப்பறைக்கு ஒரு மாற்று வேண்டும் என்று அந்தக் கம்பெனி ரிசப்ஷனில் அவர் எத்தனையோ நாள் காத்துக் கிடந்திருக்கிறார். மாடி வேறு பாக்கி இருந்தது. முதலாளி முகம் சுளித்தால் எல்லாம் நின்றுபோகும் என்று பயந்தார். பயம் நியாயம்தான். ஆனால் உவமை தெரியாத பிள்ளை என்று சொன்னார் பாருங்கள், அங்கே எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது. அந்த மடலை எழுதியவரைவிட அந்தப் பிள்ளைதான் அதை ஒழுங்காகப் படித்திருந்தாள்.

"நன்றி சொல்லச் சொல்லுங்க சார், எத்தனை தடவை வேணும்னாலும் சொல்லித் தர்றேன். குப்பைன்னு சொல்லச் சொல்லித் தர மாட்டேன்" என்றேன்.

"அப்ப ஜூன்ல இருந்து வேற இடம் பாத்துக்குங்க" என்றார்.

"சரிங்க சார்" என்று வந்துவிட்டேன். 

அவர் விடவில்லை. மடலைப் புதிதாகப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேராக என் வகுப்புக்கு வந்து, யார் வாசிக்கிறீர்கள் என்று கேட்டார். ஒருவன் எழுந்து வாசித்தான். குப்பைமேடு வந்ததும் நிறுத்திவிட்டு நின்றான். அடுத்தவளைக் கூப்பிட்டார். அவளும் அதே இடத்தில் நிறுத்தினாள். அதற்கடுத்தவனும் அப்படியே. நான் யாருக்கும் கண்ஜாடைகூடக் காட்டவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. படிக்கத் தெரிந்த பிள்ளைகள், அந்த ஒரு வரி மட்டும் படிக்கத் தெரியாதவர்கள் போல நின்றார்கள். "நானே படிச்சுக்கறன்" என்று தாளைச் சுருட்டிக்கொண்டு போனார்.

விழா அன்று பந்தல், ரிப்பன், மைக் செட் எல்லாம் தடபுடலாக இருந்தது. முன்வரிசையில் அம்மாக்கள், கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்து மழையைக் கம்பீரமாக வாசித்தார். நாலு வரி கடந்து "குப்பைமேட்டில் கிடந்த" என்றார். அடுத்த சொல் 'எங்களை'. பிள்ளைகள் வாயில் இருந்தவரை அது பிள்ளைகள். இப்போது அது அவரே.

நின்றார். தாளைப் பார்த்தார், எதிரே இருந்த ஊர் ஜனத்தைப் பார்த்தார். தண்ணீர் எடுத்துக் குடித்தார். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். கடைசியில் வர வேண்டிய காலடி மண்ணும் காணாமல் போனது.

முதலாளி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வரி குறைந்ததால் அவருக்கு எந்த நஷ்டமும் வரவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள், அந்த அம்மாவும் தட்டினார். தன் மகள் தன்னை எதிலிருந்து காப்பாற்றினாள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது. கீழே ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த மகள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சிரித்துவிட்டேன், அடக்கவெல்லாம் முயற்சி செய்யவில்லை.

அந்த வரியை அவரால் வாசிக்க முடியவில்லை. என்னை மன்னிக்கவும் முடியவில்லை. கடைசி வேலை நாளில் விடைபெறப் போனபோது, "ஏத்தி விட்ட ஏணியையே எட்டி ஒதைச்ச மாதிரி பண்ணிட்டீங்க டீச்சர்" என்றார். வாய் சும்மா இருக்குமா எனக்கு.

"இதுல ஏணி யாருங்க சார்? ஏறினது யாருங்க?" என்று கேட்டேன்.

 பதிலுக்காக நான் நிற்கவில்லை.

இப்போது வேறொரு பள்ளியில் இருக்கிறேன். சம்பளம் குறைவு, பஸ் இரண்டு மாற வேண்டும். அந்தக் கட்டடத்தில் பிள்ளைகள் நனையாமல் உட்கார்ந்து படிக்கிறார்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். மாடியும் எழும்பிவிட்டது, குப்பையும் காலடி மண்ணும் இல்லாமலேயே. என் புது வகுப்பிலும் சிவப்பு அம்புகள் வந்துவிட்டன. இன்றைக்கும் யாராவது என்னை எதோடாவது ஒப்பிட்டுப் பேசினால், அது எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் சரி, தலையாட்டுவதற்கு முன்னால் இதில் நான் யார் என்று ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். பதில் பிடிக்காவிட்டால், அந்த வகுப்புப் பிள்ளைகள் போல அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறேன்.